என் முறைக்கு மட்டும் மறைந்த பூச்சிகள்

பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே இருக்கும் நண்பன், ஒரு வீடியோ கேமில் என்னைத் தோற்கடிப்பதற்காக ஒரு கம்ப்யூட்டரையே கள்ளத்தனமாகத் திருத்தி வைத்திருக்கிறான் என்று நான் முழுதாக நம்பினேன். ஐம்பதைத் தாண்டிய, கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிற ஒரு மனிதன் நம்புகிற விஷயமா இது? நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் அவன் கடைக்குள் நின்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமும் போட்டேன்.

போன கோடையில், மதுரையில் நடந்தது. டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் நண்பன் இன்வர்ட்டர், ஸ்டெபிலைசர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். பழைய சாமான் எதையும் தூக்கிப் போட மாட்டான். அவனுடைய சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து அந்தக் காலத்தில் கொண்டுவந்த ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் அவனிடம் இருந்தது. பார்ப்பதற்கு வெறும் கீபோர்டு மாதிரி இருக்கும். அதை டிவியில் சொருக வேண்டும், பக்கத்தில் ஒரு டேப் ரிக்கார்டரையும் சொருக வேண்டும். கேம் எல்லாம் கேசட்டில் இருக்கும். பிளே பட்டனை அமுக்கினால் எலியைப் பொறியில் பிடித்த மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் பக்கத்து வீட்டில் யாராவது மிக்ஸி போட்டால் எல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து.

அதைத் தூசி தட்டி, எங்கெங்கோ சொல்லி வைத்து உதிரி பாகம் வாங்கி, உயிர் கொடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு நாங்கள் இருவரும் ஒரு சின்ன டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவோம். கேம் இதுதான்: திரை முழுக்க இருட்டு, அங்கங்கே நட்சத்திரப் புள்ளி. கீழே நம்முடைய விண்கலம், இடம் வலமாக மட்டும் நகரும். மேலே இருந்து எதிரி விண்கலங்கள் ஆடி ஆடி இறங்கும், குண்டு போடும். அவை கரப்பான் பூச்சி மாதிரியே இருப்பதால் எங்களுக்கு அது பூச்சி கேம். மூன்று உயிர் கொடுப்பார்கள். தோற்றவன் பருத்திப்பால் வாங்கித் தர வேண்டும்.

பள்ளிக்கூடம் படிக்கும்போது இதில் என்னை அவன் ஜெயித்ததே கிடையாது. அவன் கை அப்போதே ஆமை வேகம். ஆனால் போன கோடையில் வாராவாரம் நான்தான் பருத்திப்பால் வாங்கினேன். காரணம் எளிமையானது. அவன் ஆடும்போது பூச்சிகள் ஒழுங்காக மேலே இருந்து வந்தன. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், உச்சியில் வரிசை கட்டி நிற்பது நன்றாகத் தெரியும். நான் உட்கார்ந்து ஆடினால் மட்டும் அவை திரையின் நடுவில் திடீரென்று முளைத்தன. முளைத்த மறு நொடி என் தலையில் குண்டு. நிமிர்ந்து மேலே பார்த்தால் அங்கே அப்பாவியாக ஆடிக்கொண்டிருக்கும். குனிந்து என் விண்கலத்தைப் பார்த்தால் காணாமல் போகும்.

ஒரு சராசரி மனிதன் இதற்கு என்ன நினைப்பான் என்று எனக்குத் தெரியாது. நான் நினைத்தது, சிவப்புக் குமிழ் வைத்த ஜாய்ஸ்டிக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று. ஆளுக்கு ஒன்று வைத்திருந்தோம், அது என்னுடையது. ஒரு வாரம் அவன் டீ சொல்ல வெளியே போன நேரத்தில் ஜாய்ஸ்டிக்கை மாற்றி வைத்தேன். தோற்றேன். அடுத்த வாரம் இடது பக்க ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். தோற்றேன். சட்டையைக்கூட மாற்றிப் போட்டுப் பார்த்தேன், அதை எதற்குச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

நான் மோட்டார் பம்பு உதிரி பாகம் விற்பவன். அலங்காநல்லூர், பாலமேடு, வாடிப்பட்டி என்று தினமும் பைக்கில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். வெயிலும் புழுதியும் கண்ணை மிளகாய்ப் பழம் மாதிரி ஆக்கிவிடும். ஆனால் என்னிடம் அதற்கு மருந்து இருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் மெட்ராஸ் ஐ வந்தபோது ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து. இரண்டு சொட்டு விட்டால் சிவப்பு போய்க் கண் பளிங்கு மாதிரி ஆகிவிடும். சீட்டு எல்லாம் எப்போதோ தொலைந்துவிட்டது. காலி பாட்டிலைக் காட்டினால் மெடிக்கல் கடையில் புதுசு கொடுப்பார்கள். சட்டைப் பையில் அது இல்லாமல் நான் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டேன். போகிற கடையில் யாருக்குக் கண் சிவந்திருந்தாலும் அண்ணாந்து பார்க்கச் சொல்லி நானே இரண்டு சொட்டு விடுவேன். என் லைனில் எனக்கு கண் டாக்டர் என்றே பெயர். அந்தப் பெயரில் எனக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது.

அந்தக் கோடையில் எனக்கு இன்னொரு கோளாறும் இருந்தது. எங்கே போனாலும் தலையில் இடித்துக்கொண்டேன். நண்பன் கடையின் பாதி ஷட்டரில் வாரம் ஒரு முறை. அலங்காநல்லூர் பெட்டிக்கடையில் தொங்கும் வாழைத்தாரில் போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. "ஏண்ணே, பழத்தை வாயாலதான் திங்கணும், நெத்தியால இல்ல" என்று கடைக்காரர் சிரிப்பார். திருவிழாவுக்குக் கட்டியிருந்த சீரியல் லைட் வயர் ஒன்று ஹெல்மெட்டில் மாட்டி பைக்கோடு சாய்ந்தேன். வயரைத் தாழக் கட்டினார் என்று அந்த மைக்செட்காரரைப் போட்டு வறுத்தெடுத்தேன். சிக்னலில் சிவப்பு விழுந்தது தெரியாமல் போய் போலீஸ்காரரிடம் இரண்டு முறை மாட்டினேன்.

இதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. நான் உயரமாகிக்கொண்டிருக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நெற்றியில் மஞ்சளைப் பற்றுப் போட்டபடி, "வளர்ற வயசா இது? வயிறுதான் வளருது. பார்த்துப் போங்கன்னா காதுல வாங்குறதே இல்ல" என்றாள். வீடே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

சண்டை நடந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மூன்று உயிரும் மூச்சு விடுவதற்குள் போய்விட்டன. ஜாய்ஸ்டிக்கைத் தூக்கி மேஜையில் போட்டுவிட்டு எழுந்தேன்.

"டேய், உண்மையைச் சொல்லு. இதுக்குள்ள என்னடா பண்ணி வச்சிருக்க?"

"என்ன மாப்ள பண்ணுனேன்?"

"நீ ஆடுறப்ப மேல இருந்து வருது. நான் ஆடுறப்ப மட்டும் எப்படிடா நடுவுல முளைக்குது?"

"உன் மூஞ்சியைப் பார்த்துப் பூச்சிக்கே பயம் போல. ஒளிஞ்சு ஒளிஞ்சு வருது."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. ஒரு கோப்பை பருத்திப்பாலுக்காக இம்புட்டுக் கேவலமான வேலை பார்ப்பாயா என்று ஆரம்பித்து, ஒன்பதாம் வகுப்பில் அவன் என் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்தது வரைக்கும் போய்விட்டேன். கோபமாக வெளியேறும்போது ஷட்டரில் மண்டையை இடித்துக்கொண்டேன். எதிர்க்கடை பிளாஸ்டிக் சாமான்காரர் எட்டிப் பார்த்தார். கோபமாகப் போகிறவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? அதுவும் போச்சு.

நண்பன் என்னை இழுத்து உட்கார வைத்தான். "இன்னொரு ஆட்டம் ஆடு. போன்ல எடுக்கிறேன். அதுலயும் நடுவுல முளைச்சா இந்தப் பெட்டியை நானே உடைச்சுப் போடுறேன்" என்றான். ஆடினேன். செத்தேன். பிறகு போனில் எடுத்ததைப் போட்டுக் காட்டினான்.

பூச்சிகள் உச்சியிலிருந்துதான் வந்தன. வரிசையாக, நிதானமாக, ஆடி ஆடி. எவ்வளவோ நேரம் இருந்தது எனக்கு. கீழே என் விண்கலம் எதுவும் நடக்காத மாதிரி அசையாமல் நின்றது, நேராகத் தலைக்கு மேலே குண்டு இறங்கி வருகிறது, அப்போதும் நின்றது. பஸ் வரும் ரோட்டில் படுத்துக் கிடக்கும் மாடுகூட அந்த நேரத்துக்கு எழுந்திருக்கும்.

வீடியோவிலும் ஏதோ செய்துவிட்டான் என்றுதான் முதலில் சொன்னேன். அவன் சிரிக்காமல் இருந்தது எனக்கு என்னவோ போல இருந்தது. மேஜையிலிருந்து சிவப்புக் கைப்பிடி போட்ட ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

"மாப்ள, கீழே உன் விண்கலத்தை மட்டும் பாரு. கண்ணை அசைக்காத. இதை மேல இருந்து இறக்குறேன். தெரிஞ்ச உடனே சொல்லு."

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நட்சத்திரப் புள்ளிகள், முக்கோண விண்கலம், அவ்வளவுதான்.

"சரி, ஆரம்பி" என்றேன்.

"ஆரம்பிச்சு எம்புட்டு நேரம் ஆச்சு மாப்ள" என்றான். அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிவப்புக் கைப்பிடி என் மூக்குக்கு நேரே, எங்கிருந்தோ குதித்த மாதிரி வந்து நின்றது.

வாழைத்தார், ஷட்டர், சீரியல் லைட், சிக்னல். எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. எல்லாமே மேலே இருந்தவை.

அதன் பிறகு நான் நடந்துகொண்ட விதத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். பைக்கை அங்கேயே போட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்குப் போனேன். போகும் வழியில் போனில் தேடினேன். வீடு இருக்கிற புதூருக்குப் போய்ச் சேருவதற்குள் எனக்கு மூளையில் கட்டி என்று நானே முடிவு செய்துவிட்டேன். மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மகளுக்குப் பார்க்கிற மாப்பிள்ளை மீசை வைத்தவனாக இருந்தால் நல்லது என்றேன். கேஸ் சிலிண்டர் புக் பண்ணுகிற நம்பர் என் போனில்தான் இருக்கிறது, எழுதிக்கொள் என்றேன். அவள், "என்ன, குடிச்சிட்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவளும் தன் விரலை மேலிருந்து என் கண்ணுக்கு நேரே இறக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நண்பன் கடையைத் திறக்காமல் எங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தான். கிராமத்து பஸ்களில் வந்தவர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். சொட்டு மருந்து விட்ட கண்களை மூடிக்கொண்டு, எல்லோரும் ஒரே மாதிரி முகத்தை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். நானும் அவர்களில் ஒருவனாக உட்கார்ந்தேன். மூடிய கண்ணுக்குள் இதுதான் இனிமேல் நிரந்தரமோ என்று ஓடிக்கொண்டே இருந்தது. மனைவியின் கை என் முழங்கையைப் பிடித்தபடியே இருந்தது.

கண்ணில் அழுத்தம் பார்த்தார்கள். பார்த்த டாக்டரம்மா மறுபடியும் ஒரு முறை பார்த்தார். பிறகு என்னை ஒரு இருட்டு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு இயந்திரம். உள்ளே வெள்ளைக் கிண்ணம் மாதிரி குழிவாக இருந்தது. தாடையை ஒரு தாங்கலில் வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுவிலுள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சம் மின்னும். மின்னியதும் கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும்.

கேட்டதும் எனக்கு உயிரே வந்த மாதிரி ஆகிவிட்டது. இருட்டு, புள்ளி புள்ளியாக வெளிச்சம், கையில் பட்டன். இது பூச்சி கேம் அல்லவா! அங்கே இருந்த பெண்ணிடம், "எத்தனை லைஃப்மா?" என்று கேட்டேன். அவர், "ஆடாம நேராப் பாருங்க சார்" என்றார்.

பிரமாதமாக ஆடினேன். ஒரு வெளிச்சத்தைக்கூட விடவில்லை. மின்னியது எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளினேன். நடுநடுவே நீண்ட நேரம் ஒன்றுமே வராமல் சும்மா இருந்தது. இயந்திரம் மெதுவாக வேலை செய்கிறது, பழசு போல என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்து நண்பனைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். "ஃபுல் ஸ்கோர்" என்றேன். மனைவியின் முகத்தில் அன்று முதல் முறையாக ஒரு சின்ன வெளிச்சம் வந்தது.

டாக்டரம்மா என் முன்னால் இரண்டு படங்களை வைத்தார், கண்ணுக்கு ஒன்றாக. இரண்டிலும் மேல் பாதி கறுப்பாக இருந்தது. ஒன்றுமே வரவில்லை என்று நான் சும்மா உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் வெளிச்சங்கள் அங்கேதான் மின்னிக்கொண்டிருந்திருக்கின்றன.

மூளையில் கட்டி கிடையாது, கண்ணழுத்த நோய் என்றார். உள்ளே அழுத்தம் ஏறி நரம்பை அரித்துவிட்டது. வலிக்காது. இருட்டாகவும் தெரியாது, இல்லாத இடத்தை மூளையே ஏதாவது வைத்து நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை. பிறகு, "கண்ணுக்கு ஏதாவது மருந்து போடுறீங்களா?" என்று கேட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பெருமையாகச் சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "தவறாமப் போடுறேன் மேடம். இல்லைன்னா இன்னும் மோசமாயிருக்கும்" என்றேன்.

அவர் பாட்டிலைத் திருப்பி அதில் எழுதியிருந்ததைப் படித்தார். யார் எழுதிக் கொடுத்தது, எத்தனை நாளைக்கு என்று கேட்டார். மெட்ராஸ் ஐ வந்தபோது அந்த டாக்டர் ஒரு வாரத்துக்கு என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார். நான் போட்டது வருடக்கணக்கில். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, சிவப்பை உடனே எடுக்கும், ஆனால் கேட்பாரில்லாமல் தொடர்ந்து போட்டால் சிலருக்குக் கண்ணில் அழுத்தத்தை ஏற்றிவிடும் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அப்போது என் பின்னால் நின்றிருந்த நண்பன் தன் பேண்ட் பையில் கையை விட்டான். அதே பாட்டில். அதற்கு முந்தின வருடம் கண் எரிகிறது என்று சொன்னவனுக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அதை அவன் என் பாட்டிலுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்தான். என்னிடம் ஒரு நகைச்சுவையும் மிச்சமில்லை. என் கண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டபோது வராத அழுகை அந்த இரண்டாவது பாட்டிலைப் பார்த்ததும் வந்துவிட்டது.

அவனையும் அன்றே பார்த்தார்கள். அழுத்தம் ஏறியிருந்தது, நரம்பு தப்பித்திருந்தது. மருந்தை நிறுத்தினால் போதும், அடிக்கடி வந்து காட்ட வேண்டும் என்றார்கள். வெளியே வந்ததும், "உன்னைப் பூச்சி கேம் ஆட வச்சதால என் கண்ணு தப்புச்சு. இனிமே பருத்திப்பால் நானே வாங்கித் தாரேன், விடு" என்று என் தோளில் தட்டினான்.

பைக் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாட்டுத்தாவணி பக்கத்துக் கடை ஒன்றில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. அதில் சேருவதற்கு முன்னால் பழைய லைனுக்குப் பஸ்ஸில் ஒரு சுற்று போய் வந்தேன், யார் யாருக்கெல்லாம் அந்த மருந்தைச் சொன்னேனோ அவர்களையெல்லாம் பார்த்து நிறுத்தச் சொல்ல. சிலர் சிரித்தார்கள். சிலர் நல்லாத்தானே கேக்குது என்றார்கள். அலங்காநல்லூர் பெட்டிக்கடைக்காரர் மட்டும் முகம் மாறி, "அண்ணே, நீங்க சொன்னீகன்னு எங்க அம்மாவுக்கும் அதைத்தான் ஊத்துறேன்" என்றார். அந்த அம்மாவை நானே கூட்டிப்போனேன். அவருக்கு ஒரு கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அது மருந்தால் வந்ததா, முன்பே இருந்ததா என்று இனிமேல் சொல்ல முடியாது என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த அம்மா என் தலையைத் தடவி, "உங்களுக்குப் புண்ணியமாப் போகும் தம்பி" என்றார். அந்தக் கை இன்னும் என் தலையில் கனத்துக்கொண்டிருக்கிறது.

இப்போதும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பன் கடைக்குப் போகிறேன். ஷட்டரை அவன் பாதியாக இறக்கி வைப்பதில்லை, முழுதாகத் திறந்து வைக்கிறான். நான் கண்ணை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே ஆடுகிறேன், தோற்கிறேன். அவன் விட்டுக் கொடுக்கப் பார்ப்பான், திட்டுவேன். இதை எழுதுவதற்குக் காரணம், இதைப் படிக்கிறவர்களில் யாருடைய பையிலாவது அப்படி ஒரு பாட்டில் இருக்கலாம் என்பதுதான். மற்றபடி என் நண்பன் எதையும் திருத்தி வைக்கவில்லை. பூச்சிகள் எப்போதும் மேலே இருந்துதான் வந்தன. சிவப்பைப் போக்க நானாக வாங்கி ஊற்றிக்கொண்ட மருந்து என் இரண்டு கண்ணிலும் மேல் பாதியை எடுத்துக்கொண்டுவிட்டது. அது திரும்பி வராது.